வாத்தியார் இல்லாமல் சீனம்: எதை வைத்துப் படிப்பது?

சீன மொழிப் பாடநூல் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது 'நீ ஹாவ்' வரும் பக்கத்தைத்தான். வணக்கம் சொல்லும் அந்தப் பாடம்தான் அநேகமாக எல்லாப் புத்தகத்திலும் முதலில் வரும். சீனத்தில் ஓர் அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம்தான் தொனி, மொத்தம் நான்கு, தொனி மாறினால் பொருளும் மாறும். அந்த இரண்டு அசைகளும் தனித்தனியாக மூன்றாம் தொனி. ஆனால் மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னால் இருப்பது இரண்டாம் தொனியாக மாறிவிடும். அச்சில் மூன்று-மூன்று என்றே குறி இருக்கும், வாயில் இரண்டு-மூன்று என்று வரும். இதை அங்கேயே சொல்லிவிடுகிற புத்தகமா, 'ஹலோ' என்று அர்த்தம் மட்டும் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவுகிற புத்தகமா என்று பார்ப்பேன். இரண்டாவது வகையை வைத்துப் படிப்பவர் குறியைப் பார்த்து ஒன்று சொல்வார், ஒலிக்கோப்பில் வேறொன்று கேட்கும். எது சரி என்று கேட்க ஆள் இருக்காது.

வேலை காரணமாக எனக்குச் சீனம் தேவைப்பட்டது. வகுப்புக்குப் போகிற வசதி இல்லை. வேலை முடிந்து கிடைக்கும் நேரத்தில் நானாகப் படித்தேன், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். வாங்கியதும் இறக்கியதுமாகப் புத்தகங்கள், ஒலிக்கோப்புகள், செயலிகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றில் இன்றும் பயன்படுத்துபவை கொஞ்சம்தான். அவை ஏன் நின்றன, மற்றவை ஏன் போயின என்று யோசித்தால் காரணம் ஒன்றுதான் தெரிகிறது. நான் தப்பாகச் சொன்னபோது, தப்பாக எழுதியபோது அதைக் காட்டிக்கொடுத்தவை நின்றன. வகுப்பில் வாத்தியார் முகம் சுளித்தாலே போதும், நாக்கு திருந்திவிடும். தனியாகப் படிப்பவருக்கு அந்த முகம் இல்லை. அந்த வேலையைப் புத்தகமோ ஒலியோ செயலியோ செய்தாக வேண்டும். நல்ல தாள், வண்ணப்படம், நிறையச் சொல் இதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் காது. ஆரம்பநிலைச் சீனப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில வழியில்தான் கிடைக்கின்றன. பாதகமில்லை, ஆனால் அவற்றில் வரும் உச்சரிப்பு விளக்கங்கள் ஆங்கிலக் காதுக்கு எழுதப்பட்டவை. தமிழ்க் காதுக்கு அவை சில இடங்களில் உதவாது, சில இடங்களில் கெடுத்தே விடும்.

'பல்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'தம்பி' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ப வேறு, இரண்டாவதில் வரும் ப வேறு. பெய்ஜிங் என்ற பெயரின் முதல் ஒலி 'பல்'லில் வரும் ப. சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அதற்கு ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தைப் போடுவதால், 'பாய்' என்கிற ஆங்கிலச் சொல்லில் வருவது போல என்று புத்தகம் விளக்கும். அதைப் படித்ததும் நாம் 'தம்பி'யின் ப-வுக்குப் போய்விடுவோம். வீட்டிலேயே வைத்திருக்கிற சரியான ஒலியை விட்டுவிட்டு வெளியே தேடப் போவது மாதிரி. 'கல்'லின் க, 'தலை'யின் த இரண்டுக்கும் இதே கதைதான். 'பின்யின்' என்ற சொல்லின் முதல் ஒலிதான் நமக்குப் புதிது. அது காற்றோடு வரும் ப. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொன்னால் காற்று கையில் அடிக்க வேண்டும். தைவானின் த-வும் அப்படித்தான். இந்தி தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகக் கைவரும். சீனத்தில் இந்த ஒலிகளைப் பிரிப்பது காற்றுதான், தொண்டை அதிர்வு அல்ல. 'பெய்ஜிங்'கின் ஜ-கூட நம் ஜ இல்லை, 'பச்சை'யில் வரும் ச்ச-வுக்குப் பக்கம்.

நமக்குக் கூடுதல் வசதிகளும் உண்டு. மனிதன் என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலியை விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாம் ழ சொல்கிற இடத்தில் நாக்கை வைத்துக் கொஞ்சம் உராய்வு சேர்த்தால் கிட்டே போய்விடலாம். 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் வருகிற குற்றியலுகரம் இருக்கிறதே, அந்தச் 'சு'வைச் சற்று இழுத்தால் சீனத்து 'நான்கு' பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் உதட்டைக் குவித்துக்கொண்டு ஈ சொல்கிற உயிரொலி தமிழில் கிடையாது. 'சாலை'க்கும் 'பச்சை நிற'த்துக்கும் சீனத்தில் தொனி ஒன்று, முதல் மெய் ஒன்று, வேறுபாடு அந்த உயிரில் மட்டும். அதைக் காதால் பழகத்தான் வேண்டும், எந்த விளக்கமும் போதாது.

அதனால் உச்சரிப்பு விளக்கப் பக்கங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒலிக்கோப்பைத்தான் நம்புவேன், ஓரத்தில் 'பல்-ப', 'காசு-உ' என்று எனக்குப் புரிகிற குறிப்பு எழுதிக்கொள்வேன். பாடத்தின் மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதுவது மட்டும் வேண்டாம். தமிழில் எழுதினால் பெய்ஜிங்குக்கும் பின்யினுக்கும் ஒரே ப-தான் வரும், தொனியும் போய்விடும். இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதும் சீனச் சொற்களையும் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின்யினை முதலில் தனியாகப் படித்து முடித்துவிடுவது நல்லது. 1958-ல் சீனாவில் ஏற்கப்பட்ட முறை இது, 1982-ல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துகிறதே தவிர ஆங்கில உச்சரிப்புக்கு எழுதப்பட்டதல்ல. தொனியைக் கழித்துவிட்டால் மொத்தம் ஏறத்தாழ 400 அசைகள்தான். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, தொட்டால் நான்கு தொனியிலும் ஒலிக்கும்படி இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். புத்தகம் வாங்குவதற்கு முன்பே இந்த அட்டவணையோடு கொஞ்ச நாள் உட்கார்ந்தால் அப்புறம் எந்தப் புத்தகத்தின் ஒலி தரமானது என்று நமக்கே தெரிய ஆரம்பிக்கும்.

பாடநூலின் ஒலியில் நான் பார்ப்பது இவ்வளவுதான்: உரையாடல் சாதாரண வேகத்தில் இருக்க வேண்டும், ஆண் குரலும் பெண் குரலும் இருக்க வேண்டும், பாடத்துக்குப் பாடம் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். ஒவ்வோர் அசையையும் பிய்த்துப் பிய்த்து வாசிக்கும் ஒலிப்பதிவு முதல் வாரம் இனிக்கும், பிறகு நிஜப் பேச்சைக் கேட்டால் ஒன்றும் புரியாது. ஒலிக்கோப்பு வாங்கும் முன்பே திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த கியூஆர் கோடு என்னைக் காலிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. ஒலி இல்லாத சீனப் பாடநூலைத் தனியாகப் படிக்க முடியாது, அலமாரியில் வைக்கலாம். நல்ல ஒலி கிடைத்தால் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வாக்கியம் வாக்கியமாக வெட்டி வைத்துக்கொள்வேன். பயணத்தில் கேட்க அந்தத் துண்டுகள்தான் உதவுகின்றன.

தொனிக்கு வருவோம். காதால் கேட்டுப் புரிந்துகொள்வது ஒன்று, நாம் சொல்வது சரியா என்று அறிவது வேறு. நம் குரலை நாமே கேட்கும்போது காது நமக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லும். இங்கேதான் பிராட் என்ற மென்பொருள் எனக்குக் கைகொடுத்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் ஆய்வுக்காக உருவானது, இலவசம். பார்க்கப் பழைய காலத்து மென்பொருள் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். குரலைப் பதிந்து திறந்தால் சுருதி ஏறி இறங்குவதை நீலக் கோடாகக் காட்டும், நமக்கு அது போதும்.

சீனத்தில் 'வாங்கு' என்பதும், 'விற்பனை செய்' என்பதும் இரண்டுமே 'மாய்'தான். வாங்குவது மூன்றாம் தொனி, விற்பது நான்காம் தொனி. பாடநூலின் குரலில் இரண்டையும் வெட்டி எடுத்து பிராட்டில் போட்டேன். விற்பதன் கோடு உயரத்தில் தொடங்கி நேராகக் கீழே விழுந்தது. வாங்குவதன் கோடு தொடக்கத்திலேயே தாழ்ந்து, அடியில் போய் நடுவில் அறுந்தே போனது. அந்த ஆழத்தில் குரல் கரகரப்பதால் மென்பொருளுக்குச் சுருதி பிடிபடவில்லை. கீழே என் குரலின் கோட்டைப் போட்டுப் பார்த்தால், பள்ளத்தில் இறங்கி மேலே ஏறுகிற அழகான வளைவு, கிட்டத்தட்ட ஒரு குட்டி ஊஞ்சல். பாடநூல்களில் மூன்றாம் தொனிக்கு வரைந்து வைத்திருக்கிற படம் அதேதான். சீனர்களோ சொல்லைத் தனியாக நிறுத்திச் சொல்லும்போதுதான் அப்படி மேலே ஏற்றுகிறார்கள். பேச்சின் நடுவில் மூன்றாம் தொனி என்பது பெரும்பாலும் தாழ்ந்த குரல், அவ்வளவுதான். இதைத் 'தாழ்ந்த தொனி' என்றே சொல்லிக்கொடுக்கிற புத்தகங்கள் இருக்கின்றன. என் கணக்கில் அவை ஒரு படி மேல். குரலின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கோட்டின் உயரத்தை ஒப்பிட வேண்டாம், வடிவத்தைப் பார்த்தால் போதும்.

தொனியைத் தனி அசையில் பழகுவதைவிட இரண்டிரண்டாகப் பழகுவது எனக்குச் சீக்கிரம் பலன் கொடுத்தது. நான்கு தொனிக்குப் பின் நான்கு தொனியோ தொனியற்ற மென்மையான அசையோ வரலாம். ஆக 20 ஜோடிகள். சீனச் சொற்களில் பெரும்பகுதி ஈரசைச் சொற்கள் என்பதால் இந்த 20-ம் வாயில் பதிந்துவிட்டால் புதுச் சொல் எது வந்தாலும் ஏற்கனவே தெரிந்த ஏதோ ஒரு ஜோடியில் போய் உட்கார்ந்துவிடும். ஜோடிப் பயிற்சி இல்லாத பாடநூல் என்றால் அகராதியைப் பார்த்து நாமே ஜோடிக்கு ஒரு சொல் வீதம் பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.

போனில் சீனக் குரல் உள்ளீட்டை வைத்துச் சோதிக்கிறவர்களும் உண்டு. சொல்லிப் பார்த்தால் திரையில் சரியான எழுத்து விழுகிறதா என்று பார்ப்பது. ஒற்றைச் சொல்லுக்கும் ஈரசைச் சொல்லுக்கும் பரவாயில்லை. முழு வாக்கியம் சொன்னால் அது சூழலை வைத்து ஊகித்துச் சரியாகப் போட்டுவிடும், நம் தொனி எவ்வளவு கோணலாக இருந்தாலும். பாராட்டுக்கு மயங்க வேண்டாம்.

இனிப் பாடநூல். தனியாகப் படிப்பவருக்கு ஒரே ஒரு பாடநூல் முதுகெலும்பாக இருக்க வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் நடத்தினால் இரண்டிலும் முதல் ஐந்து பாடம் மட்டும் நன்றாகத் தெரியும். நான் நடத்தியது எச்எஸ்கே என்ற சீனத் தகுதித் தேர்வை ஒட்டிய எச்எஸ்கே ஸ்டாண்டர்ட் கோர்ஸ். பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2014 முதல் வெளியிட்ட தொடர் அது. முதல் நிலையில் 15 பாடங்கள், 150 சொற்கள். பாடங்கள் சிறியவை, ஒரே அமர்வில் ஒன்றை முடிக்கலாம் என்பது தனியாகப் படிப்பவருக்குப் பெரிய விஷயம். விளக்கம் ரொம்பக் கம்மி, அது ஒரு குறைதான். விளக்கம் நிறைய வேண்டும் என்கிறவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் பயன்படும் இன்டெகிரேட்டட் சைனீஸ் பொருந்தும். ஆனால் வகுப்பறைக்கு எழுதப்பட்ட நூல்களில் 'பக்கத்து மாணவரிடம் கேளுங்கள்', 'குழுவாக விவாதியுங்கள்' என்று பயிற்சிகள் வரும். தனியாக இருப்பவர் யாரிடம் கேட்பது? அந்த மாதிரிப் பயிற்சிகளைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். மிச்சத்துக்கு விடைக்குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். விடை இல்லாத பயிற்சிநூலைத் தனியாகப் படிப்பவருக்கு வாங்கிக்கொடுப்பதில் பயனில்லை.

அட்டையில் 'நிலை 1' என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எச்எஸ்கே என்பது சீனம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்குச் சீன அரசு நடத்தும் தகுதித் தேர்வு. 2010-ல் வந்த ஆறு நிலை முறையில் முதல் நிலைக்கு 150 சொல், இரண்டுக்கு 300, மூன்றுக்கு 600. 2021-ல் சீனக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட தரநிலை மூன்று கட்டம், ஒன்பது நிலை என்று பிரிக்கிறது. அதில் முதல் நிலைக்கே 500 சொல். ஆகவே ஒரே 'நிலை 1'-க்குள் இரண்டு வேறு அளவுப் புத்தகங்கள் இருக்கலாம். சொல் அட்டைகள், மாதிரித் தேர்வு எல்லாவற்றையும் ஒரே பட்டியலைச் சேர்ந்தவையாக வாங்கினால் தலைவலி இல்லை. தேர்வு எழுதும் எண்ணம் இல்லாதவருக்கும் இந்தப் பட்டியல்கள் உதவும், எதை முதலில் படிப்பது என்கிற கேள்விக்கு யாரோ ஏற்கனவே பதில் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பதால்.

இலக்கண விளக்கத்தைச் சோதிக்க என்னிடம் இன்னொரு குறுக்குவழி உண்டு. வினைக்குப் பின்னாலும் வாக்கியக் கடைசியிலும் வருகிற 'ல' என்ற சின்ன அசையைப் பற்றிப் புத்தகம் என்ன சொல்கிறது? 'இறந்தகாலம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன். அது காலத்தைக் காட்டுவதில்லை, செயல் முடிந்ததையோ நிலை மாறியதையோ காட்டுகிறது. சற்று முன்வரை இல்லாத மழை இப்போது பெய்யத் தொடங்கினால் சீனர் அந்த 'ல'வைப் போடுவார், நாம் 'மழை வந்துடுச்சு' என்கிற மாதிரி. 'வந்தது'க்கும் 'வந்துவிட்டது'க்கும் வேறுபாடு தெரிந்த நமக்கு அது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை.

சொல்லப்போனால் ஆங்கில வழி நூல்களில் பக்கம் பக்கமாக விளக்கும் சில விஷயங்களை நாம் ஒரு வரியில் தாண்டிவிடலாம். 'நான் வாங்கிய புத்தகம்' என்பதைச் சீனத்தில் அதே வரிசையில்தான் சொல்வார்கள்: நான், வாங்கு, நடுவில் ஓர் இணைப்பு அசை, புத்தகம். கேள்விக்குக் கடைசியில் 'மா' சேர்ப்பது நாம் 'ஆ' சேர்ப்பது போலத்தான். 'நாளை', 'வீட்டில்' போன்றவை வினைக்கு முன்னால் வருவதும் நம்மைப் போல. வழுக்கிவிடும் இடம் வேறு. வினைக்குப் பின்னால்தான் செயப்படுபொருள் வரும். புத்தகம் படிக்கிறேன் என்று நினைத்துவிட்டு, படிக்கிறேன் புத்தகம் என்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்தப் பக்கத்தில் நிற்பது, எதைப் புரட்டிவிட்டுப் போவது என்று நாமே முடிவு செய்யலாம்.

எழுத்துகளைப் பற்றிய நூல்களில்தான் ஏமாற்று அதிகம். சூரியன், மலை, மரம் என்று படத்திலிருந்து பிறந்த எழுத்துகளைக் காட்டி, சீன எழுத்தெல்லாம் ஓவியம் என்பது போல ஆரம்பிப்பார்கள். முதல் பத்துப் பக்கம் சுவாரசியமாக இருக்கும். உண்மையில் பெரும்பாலான சீன எழுத்துகள் இரண்டு பகுதி கொண்டவை: ஒன்று பொருளுக்குக் குறிப்பு, இன்னொன்று ஒலிக்குக் குறிப்பு. குதிரைக்குச் சீனத்தில் 'மா', மூன்றாம் தொனி. குதிரை எழுத்தின் இடப்பக்கம் 'பெண்' சேர்த்தால் அம்மா, அதுவும் 'மா', முதல் தொனி. 'வாய்' சேர்த்தால் மேலே சொன்ன கேள்வி 'மா'. 'பூச்சி' சேர்த்தால் எறும்புக்கான சொல்லின் முதல் அசை. 'கல்' சேர்த்தால் எண், குறியீடு போன்ற சொற்களில் வருகிற 'மா'. குதிரையின் தலைக்கு மேல் இரண்டு வாய் வைத்தால் திட்டுவது. அம்மாவுக்கும் குதிரைக்கும் கதை கட்ட வேண்டிய அவசியமே இல்லை, குதிரை அங்கே ஒலி சொல்ல வந்திருக்கிறது. இப்படி ஒலிப் பகுதியை வைத்துக் குடும்பம் குடும்பமாகக் காட்டும் நூலோ செயலியோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எழுத்து சேர்ந்த பிறகு, பார்த்திராத எழுத்தைக்கூட இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்க வரும். எல்லா நேரமும் பலிக்காது. பல நூற்றாண்டு கடந்ததில் ஒலிகள் நகர்ந்துவிட்டன.

கோடுகளைக் குறைத்த எளிய எழுத்தா, பழைய வடிவிலேயே இருக்கும் மரபு எழுத்தா என்பதை யாரோடு பேசப்போகிறீர்களோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். சீனப் பெருநிலமும் சிங்கப்பூரும் எளிய எழுத்து, தைவானும் ஹாங்காங்கும் மரபு எழுத்து. தைவானுக்கு என்றால் அங்குள்ள தேசிய நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் (இந்தக் கட்டுரையில் சீனம் என்பது அதுதான்) பயிற்சி மையம் தயாரித்த பாடநூல் தொடர் இருக்கிறது. ஹாங்காங்கில் அன்றாடப் பேச்சு கான்டனீஸ், அது வேறு பாடம்.

கையால் எழுதிப் பழக வேண்டுமா? இன்று சீனர்களே பெரும்பாலும் பின்யினைத் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருந்தாலும் முதல் பாடநூலின் எழுத்துகளையாவது கையால் எழுதுங்கள் என்பேன். கோடுகளின் வரிசை கைக்குத் தெரிந்தால்தான் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு எழுத்துகளைக் கண் பிரிக்கும். கட்டம் போட்ட நோட்டும் ஒலிக்கோப்பும் போதும்: வாக்கியத்தைக் கேட்டு, நிறுத்தி, எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுவது. பள்ளிக்கூடத்து டிக்டேஷன்தான். இதைவிட இரக்கமில்லாமல் தப்பைக் காட்டும் பயிற்சி எனக்கு வேறு கிடைக்கவில்லை. எந்தத் தொனி காதில் விழவில்லை, எந்த எழுத்து பாதிதான் தெரியும் என்பது அரைப் பக்கத்தில் தெரிந்துவிடும்.

அகராதிக்குப் பிளெகோ என்ற செயலி. இதில் நான் மாற்றுக் கருத்தே கேட்டதில்லை. விரலால் வரைந்து தேடலாம், ஒலியும் கேட்கலாம்.

சொற்களை நினைவில் வைக்க ஆங்கி. மறக்கப்போகிற சமயம் பார்த்து அட்டையைத் திருப்பிக் காட்டும் மென்பொருள். ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைக் கட்டுகளை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் முன்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எழுத்தும் பின்யினும் சேர்ந்து முன்பக்கத்திலேயே இருந்தால் கண் பின்யினுக்குத்தான் போகும், எழுத்து படியாது. நான் பாடநூல் ஒலியை வெட்டிய துண்டுகளை வைத்து அட்டைகள் செய்துகொண்டேன். முன்பக்கம் வெறும் ஒலி, பின்பக்கம் எழுத்தும் பின்யினும் பொருளும். இன்னொரு வகையில் முன்பக்கம் வெறும் எழுத்து. தனிச் சொல்லாக இல்லாமல் பாடத்தில் வந்த குட்டி வாக்கியமாகவே போட்டால் சொல் எங்கே உட்காரும் என்பதும் சேர்ந்து பதியும். பெயர்ச்சொல்லோடு அதன் அளவுச்சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். சீனத்தில் புத்தகத்தை எண்ணும் சொல் வேறு, பூனையை எண்ணும் சொல் வேறு.

விளையாட்டு மாதிரிச் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தினமும் ஐந்து நிமிடம் சீனத்தைத் தொட வைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நான்கு விடையில் ஒன்றைத் தொடுவது என்றால், மூன்று தப்பு என்று தெரிந்தாலே நான்காவதைத் தொட்டுவிடலாம். தொனி தெரியாமலே பல நிலை தாண்டலாம், மணியும் அடிக்கும், நட்சத்திரமும் விழும். பாடநூலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் இடத்தில் வைக்காதீர்கள்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் அமெரிக்க வெளியுறவுச் சேவைப் பயிற்சிக்கூடத்தின் பழைய சீனப் பாடத்தொகுப்பு இருக்கிறது. ஒலிநாடாக் காலத்தது, ஒலியும் புத்தகமும் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. அதன் உச்சரிப்புப் பகுதியும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் பயிற்சிகளும் இன்றைய வண்ணப் புத்தகங்களைவிடக் கறாரானவை. சொற்கள் மட்டும் காலம் கடந்தவை. எதிரில் வருகிறவரையெல்லாம் 'தோழரே' என்று அழைக்கச் சொல்லித்தரும், இன்று அப்படி அழைத்தால் சிரிப்பார்கள். காதுக்கும் வாய்க்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள், சொல்லுக்கு வேண்டாம். அதே நிறுவனம் ஆங்கிலம் பேசுகிறவர் சீனத்தில் வேலைக்குத் தேவையான திறன் பெற 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறது. மூன்று மாதத்தில் சரளம் என்று அட்டையில் போட்டிருக்கும் புத்தகத்தைப் பார்த்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்வேன்.

பாடநூல் இரண்டாம் நிலையைத் தொடும்போது படிப்பதற்குத் தரப்படுத்திய கதைகளைச் சேர்க்கலாம். 300 சொல்லுக்குள் முழுக் கதை எழுதி ஒலியோடு வெளியிடுகிறார்கள். பின்யின் எழுத்துக்கு மேலேயே அச்சாகியிருந்தால் வேண்டாம். அடிக்குறிப்பில் புதுச் சொல்லுக்கு மட்டும் பின்யின் போட்டிருப்பதுதான் சரி. பக்கத்துக்கு இரண்டு மூன்று தெரியாத சொல் என்றால் அந்தக் கதை உங்களுக்குத்தான். பத்துச் சொல் தெரியவில்லை என்றால் கதை நல்லதாகவே இருந்தாலும் இன்னும் ஒரு மாதம் கழித்து எடுங்கள். ஆறு நிலை எச்எஸ்கே வினாத்தாளில் முதல் இரண்டு நிலைக்குப் பின்யின் துணை இருக்கும், மூன்றிலிருந்து இருக்காது. அதனால் பின்யினை விட்டு விலகும் பழக்கத்தை இந்தக் கட்டத்திலேயே தொடங்குவது நல்லது. தொடர் நாடகங்களை இப்போதைக்கு ஆசைக்குப் பார்க்கலாம், பாடமாக எண்ண வேண்டாம்.

கடைசியாக, தானாகப் படிப்பது என்பதற்கு மனிதரையே பார்க்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. பின்யினும் தொனி ஜோடிகளும் முடிந்த கட்டத்தில் சீனம் தாய்மொழியான ஆசிரியர் ஒருவரை இணையவழியில் அமர்த்திக்கொண்டேன், தொடர் வகுப்பாக இல்லாமல் அவ்வப்போது. புதுப் பாடம் எதுவும் நடத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏற்கனவே முடித்த பாடத்தை வாசிப்பேன், தொனி தவறும் இடத்தில் அங்கேயே நிறுத்த வேண்டும், அர்த்தம் புரிந்தது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. பொதுவாக ஆசிரியர்கள் ஆரம்பநிலை ஆட்களிடம் தாராளமாக 'ரொம்ப நல்லா இருக்கு' என்பார்கள், அது மரியாதை. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று முறை கேட்டால்தான் நம்புவார்கள். அமர்வை அனுமதி வாங்கிப் பதிவு செய்துகொண்டு, நிறுத்தப்பட்ட வாக்கியங்களை மட்டும் ஆசிரியர் குரலில் வெட்டி அன்றைக்கே ஆங்கியில் போட்டுவிடுங்கள்.